புனிதத் தாமதம்

அந்த நாடு ஒரு லிஃப்ட்டுக்குள் பிறந்தது. இதைச் சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் முதல் பாடமே அதுதான், படத்தோடு.

விஷயம் இவ்வளவுதான். விடுதலைப் பிரகடனத்தை வாசிப்பதற்காகத் தலைவர்கள் ஐந்து பேர் காலை பத்து மணிக்குத் தலைமைச் செயலகத்தில் லிஃப்ட் ஏறினார்கள். நாலாவது மாடி பால்கனியில் வாசிப்பதாக ஏற்பாடு. வெளியே மைதானத்தில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போய் நின்றார்கள். லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது. மூன்றாவது மாடியைத் தொடாமல் நின்றது. நாற்பத்து மூன்று நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, யாரும் எதுவும் செய்யாமல் தானாகவே மேலே போனது. தலைவர்கள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, பிரகடனத்தை வாசித்து, நாட்டைப் பிறப்பித்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அடுத்த நாளே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஓர் இயக்ககத்தை அமைத்துவிட்டார்கள். தேசிய மின்தூக்கி நினைவு இயக்ககம் என்று பெயர். ஒரு லிஃப்ட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதே தேதியில், அதே பத்து மணிக்கு, பதவியில் இருக்கும் ஐந்து பெரிய மனிதர்கள் அதில் ஏறுவார்கள். அது நடுவழியில் நாற்பத்து மூன்று நிமிடம் நிற்கும். பிறகு போகும். இதற்குப் புனிதத் தாமதம் என்று பெயர். வானொலியில் நேரடி ஒலிபரப்பு உண்டு.

அங்கே மாற்றலாகி வந்த மெக்கானிக்குக்கும் இதெல்லாம் மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். தெரியாதது ஒன்றுதான், வேலை. இரண்டு தெரு தள்ளியிருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் பதினோரு வருடம் லிஃப்ட் பார்த்தவன் அவன். லிஃப்ட் என்றால் ஓட வேண்டும் என்பதற்கு மேல் அவனுக்கு வேறு கொள்கை கிடையாது. வந்த அன்றைக்கே மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறிப்போய்ப் பார்த்தான். கயிற்றில் பிசுக்கு, காண்டாக்டில் கரி, ரிலேயில் சிலந்திக் கூடு. மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்து, தீட்டி, எண்ணெய் விட்டு, சாயங்காலம் ஓட்டிப் பார்த்தான். லிஃப்ட் பூப்போல ஏறி இறங்கியது.

மறுநாள் காலை அவன் மேஜைமேல் மெமோ இருந்தது. 'தேசியச் சொத்தின் இயல்பு நிலையைக் குலைத்தமைக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனான். இயக்குநர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தவில்லை, உட்காரச் சொன்னார்.

"நீங்க செஞ்ச காரியம் என்னன்னு உங்களுக்குப் புரியுதா?"

"ரிப்பேர் பண்ணேன் சார்."

"அதான்." இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "அன்னைக்கு உங்களை மாதிரி ஒரு மெக்கானிக் அந்தக் கட்டடத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? மின்தூக்கி நேரா நாலாவது மாடிக்குப் போயிருக்கும். அஞ்சு பேரும் எதையுமே பேசி முடிக்காம வெளிய வந்திருப்பாங்க. நாடே இருந்திருக்காது. போராட்டம், சிறை, தியாகம் எல்லாம் எல்லா நாட்டுலயும் இருக்குங்க. நடுவுல நின்னுபோய்ப் பொறந்தது நம்ம நாடு ஒண்ணுதான்."

சொன்னதோடு விடாமல் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். லிஃப்ட்டின் உள்சுவரில் நிமிடத்துக்கு நிமிடம் பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். நாலாவது நிமிடம்: தேசிய ஒருமைப்பாடு. ஐந்து பேரும் ஒரே பொத்தானைச் சேர்ந்து அழுத்தினார்கள். பதினோராவது நிமிடம்: எதிர்க்கட்சியின் தோற்றம். 'மாடிப்படியில் போகலாம் என்று அப்போதே சொன்னேன்' என்று ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பத்தொன்பதாவது நிமிடம்: அரசியல் சாசன முகவுரை. சலவைக் கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதப்பட்டது. இருபத்தாறாவது நிமிடம்: முதல் கூட்டணி. ஒருவர் பையில் பிஸ்கட் இருந்தது. முப்பத்து மூன்றாவது நிமிடம்: முதல் அவசரநிலை. அதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்கள் நாகரிகம் கருதிப் பேசுவதில்லை. முப்பத்தெட்டாவது நிமிடம்: மாபெரும் தியாகம். இன்னொருவர் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தத் தொப்பி தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைத் திறப்பதில்லை.

"இவ்வளவு வரலாற்றையும் நீங்க ஒரே நாள்ல துடைச்சு எண்ணெய் போட்டுட்டீங்க," என்றார் இயக்குநர். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க. விழா அன்னைக்குப் பத்து மணிக்கு நான் சுவிட்சை அணைச்சிட்டு, நாப்பத்து மூணு நிமிஷம் கழிச்சுப் போட்டுடறேன்."

இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் வாயைப் பொத்தாத குறையாகக் கிட்டே வந்தார். "யாரும் நிறுத்தக் கூடாது. யாரும் கிளப்பக் கூடாது. அதுதான் விதி. நிறுத்தினா அது நாடகம். அது தானா நிக்கணும், தானா போகணும். மின்தூக்கி தானா என்ன செஞ்சாலும் யாரும் தலையிடக் கூடாது, ஒதுங்கி நின்னு வணக்கம் வைக்கணும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கு. கோப்பைப் பாருங்க."

கோப்பைப் பார்த்தான். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரி. 'மின்தூக்கி தானாக நின்றது. தானாகச் சென்றது.' கீழே அப்போதைய மெக்கானிக்கின் கையெழுத்து. அவனுக்கு முன்னால் இருந்த அத்தனை மெக்கானிக்குகளின் கையெழுத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான்.

இதெல்லாம் இன்னொரு சமயமாக இருந்தால் அவனும் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பான். அப்போது சிரிக்கிற நிலையில் இல்லை. மனைவிக்கு ஒன்பதாவது மாதம். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. படி ஏறவே கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிரசவ வார்டோ நாலாவது மாடி. அவனை இங்கே மாற்றிய மூன்றாவது நாள் அங்கே லிஃப்ட் நின்றுவிட்டது. பார்க்க ஆள் இல்லை. கர்ப்பிணிகளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்களாம். போன வாரம் ஒரு நாற்காலியின் கால் உடைந்ததாம். தரைத்தளத்தில் வார்டை வைக்கலாமே என்றால் அங்கே அலுவலகம் இருக்கிறது. லிஃப்ட் நின்றுபோனதால் அதிகாரிகள் படி ஏறக் கஷ்டப்படுகிறார்கள் என்று கீழே கொண்டுவந்திருந்தார்கள்.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிரேக் காயில், அதாவது அதன் கம்பிச் சுருள், எரிந்துபோயிருந்தது. காயிலில் மின்சாரம் பாய்ந்தால்தான் பிரேக் விடும், லிஃப்ட் நகரும். காயில் இல்லையென்றால் பிரேக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அசையாது. அந்த லிஃப்ட்டும் தேசிய லிஃப்ட்டும் ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஜோடியாக வாங்கியவை. கம்பெனியை மூடிப் பல காலம் ஆகிறது. இயக்ககத்தின் ஸ்டோரில் ஒரு மாற்றுக் காயில் இருப்பதாகப் பதிவேடு சொன்னது. ஸ்டோர்கீப்பர் மூன்று பூட்டுகளைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே காயில் இல்லை. காயில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் இருந்தது.

"சார்," என்று மறுபடி இயக்குநரிடம் போய் நின்றான். "ஆஸ்பத்திரி லிஃப்ட்டை ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார். காயிலைச் சுத்திக்கூடப் போட்டுடலாம். ரெண்டு நாள் லீவு குடுங்க போதும். என் வீட்டுக்காரிக்கு இந்த மாசம் பிரசவம் சார்."

"விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கு. தேசியப் பணியில இருக்கறவருக்கு லீவு ஏதுங்க?" என்ற இயக்குநர், அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "நம்ம முன்னோர்கள் நாப்பத்து மூணு நிமிஷம் காத்திருந்தாங்க. உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "லீவு கெடச்சுதா மாப்பிள்ளை?"

"முன்னோர்கள் மாதிரி பொறுத்துக்கச் சொல்றாரு."

மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அவங்க அஞ்சு பேருல யாருக்கு ஒம்பதாம் மாசம்?" என்று கேட்டாள். அவன் எழுந்து போய் வாசலில் நின்றான், உள்ளே வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. எங்கே நாற்காலியைப் பார்த்தாலும் அதன் காலை ஒரு தரம் ஆட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

இதற்கிடையே ஒத்திகை ஆரம்பித்தது. லிஃப்ட் நிற்க மாட்டேன் என்றது. ஒன்பது தடவை ஐந்து குமாஸ்தாக்களை ஏற்றி அனுப்பினார்கள். ஒன்பது தடவையும் அது அவர்களை நாலாவது மாடியில் அலுங்காமல் இறக்கிவிட்டது. எடை போதவில்லையோ என்று பழைய கோப்புகளை மூட்டை கட்டி ஏற்றினார்கள். கோப்புகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. வரலாற்றுப் பிரிவுத் தலைவர் லிஃப்ட்டுக்கு உள்ளே நின்று பிரகடனத்தை உணர்ச்சியோடு வாசித்துப் பார்த்தார். அவரையும் கொண்டுபோய் விட்டது. கடைசியில் இயக்குநரே வந்து, கூட இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று லிஃப்ட்டுக்கான தகுதியின்மைச் சான்றிதழ். 'இம்மின்தூக்கி எந்நேரமும் நின்றுபோகும் நிலையில் உள்ளது என உறுதியளிக்கிறேன்.' அதில் கையெழுத்துப் போட்டான்.

"இது உங்க லீவு லெட்டர்," என்று இரண்டாவதை நகர்த்தினார்.

"லீவு இல்லைன்னு சொன்னீங்களே சார்?"

"விழா அன்னைக்கு மட்டும் உண்டு. கட்டாய லீவு. நாடு பொறந்த அன்னைக்கு அந்தக் கட்டடத்துல மெக்கானிக் யாரும் இல்லை. அதனால விழா அன்னைக்கும் இருக்கக் கூடாது. நீங்க பதிவேட்டுல லீவு." குரலைத் தாழ்த்தினார். "ஆனா மேல மெஷின் ரூம்ல இருப்பீங்க. நான் எதுவும் சொல்லலை. நீங்க எதுவும் கேக்கலை. மின்தூக்கி தானா நிக்கும்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே சார். என்ன போட?"

"ஏதாவது போடுங்க, யார் பாக்கப்போறா?"

'மனைவியின் பிரசவம்' என்று எழுதினான். இயக்குநர் பார்க்காமலே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

விழா நாள் வந்தது. மைதானம் முழுக்க நாற்காலி, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. பத்து மணிக்குப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சபாநாயகர், தலைமை நீதிபதி, ராணுவத் தளபதி ஐந்து பேரும் கையில் வசனத் தாளோடு லிஃப்ட்டில் ஏறினார்கள். உள்ளே ஒரு மைக் தொங்கியது. மேலே மெஷின் ரூமில், லீவில் இருந்த மெக்கானிக், இரண்டாவது மாடியைத் தாண்டியதும் சுவிட்சை அணைத்தான். பிரேக் கவ்வியது. லிஃப்ட் நின்றது. மைதானத்தில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அவன் போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, இவளுக்கு வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கீழே ஸ்ட்ரெச்சர்ல போட்டு வெச்சிருக்காங்க. தூக்கிட்டுப் போற நாலு பேரையும் விழாவுக்கு நாற்காலி போட அனுப்பிட்டாங்களாம். பிரஷர் ஏறிட்டே போகுதுன்னு சிஸ்டர் கத்தறாங்க. நான் என்ன செய்வேன்?" பின்னால் மனைவியின் குரல் கேட்டது. வார்த்தையாக இல்லை, வெறும் சத்தமாக.

அவன் கண் எதிரே, அந்த ஊரிலேயே உயிரோடு இருந்த ஒரே பிரேக் காயில் சும்மா இருந்தது. நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு அதற்கு வேலை இல்லை. அவனுக்கும் லீவு.

யோசித்ததெல்லாம் ஸ்பேனரைக் கையில் எடுத்த பிறகுதான். எட்டு நிமிடத்தில் காயிலைக் கழற்றினான். கவ்விய பிரேக் கவ்வியபடி இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, வரலாற்றைத் தவிர. காயிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கி ஓடினான். தெரு முழுக்க ஒலிபெருக்கியில் எதிர்க்கட்சி தோன்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மனைவியின் கையை ஒரு தரம் பிடித்தான், "இதோ" என்றான், மேலே ஓடினான். மாட்டி முடித்தபோது முப்பது நிமிடம் ஆகியிருந்தது. கீழே ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும் சத்தம் கேட்டது. லிஃப்ட் ஒரு முனகல் முனகிவிட்டு மேலே வந்தது. நாலாவது மாடியில் சக்கரங்கள் உருண்டு வார்டுக்குள் போன பிறகுதான் அவன் மூச்சு விட்டான். இன்னும் பத்து நிமிடம் சொச்சம் இருந்தது. ஓடினால் காயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

நாலாவது மாடிக்கு இறங்கி வந்து தலைமை நர்சிடம், "சிஸ்டர், நான் இதைக் கழட்டிட்டுப் போகணும்," என்றான்.

"எதைக் கழட்டப்போறீங்க?"

"லிஃப்ட்டை."

அந்தம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்து மாடிப்படி வளைவுக்கு இழுத்துப்போய்க் கீழே எட்டிப் பார்க்கச் சொன்னார். லிஃப்ட் ஓடுகிறது என்று எப்படித்தான் தெரிந்ததோ, தரைத்தளத்தில் வரிசை நின்றிருந்தது. இரண்டு ஸ்ட்ரெச்சர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்த பெண்கள், ஆபரேஷனுக்கு மேலே போக வேண்டியவர்கள், பதினோரு பேர்.

"அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வேலை இருக்கு," என்றுவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

அவன் சொல்லவில்லை. பிரசவ வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே சுவரில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஐந்து பேரும் சேர்ந்து, "இதோ விடிந்தது!" என்று முழங்கினார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரதமரின் குரல் கேட்டது. "அடுத்த வசனம் என்ன?"

"இதுக்கு மேல வசனம் இல்லை," என்றார் சபாநாயகர். "வரலாறு இதோட முடியுது."

"யாராவது கூப்பிடுங்களேன், கதவைத் திறக்கச் சொல்லி."

வெளியே தீயணைப்பு வண்டி வந்துவிட்டதாக அறிவிப்பாளர் சொன்னார். இயக்குநர் அதன் குறுக்கே நின்று தடுத்துக்கொண்டிருந்தாராம். "இப்ப போய் உதவி செஞ்சா இது வரலாறு இல்லை, விபத்து!" என்று அவர் கத்தியதும் மைக்கில் கேட்டது.

அதன்பின் நடந்ததை நாடு முழுக்கக் கேட்டது. ஐம்பதாவது நிமிடத்தில் எதிர்க்கட்சித் தலைவர், "மாடிப்படியில போகலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார். வசனத் தாளில் அது பதினோராவது நிமிடத்திலேயே முடிந்துபோன வசனம். இப்போது நிஜமாகச் சொன்னார். அறுபத்தோராவது நிமிடத்தில் தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்றது அவர்தான். தலைமை நீதிபதி அது செல்லும் என்று தீர்ப்பளித்தார், மறுப்பதற்கு இடம் இல்லை என்பதால். எண்பதாவது நிமிடத்தில் தேர்தல் கேட்டுப் போராட்டம் வெடித்து, தேர்தலும் நடந்தது. இருந்தது ஐந்து பேர். எண்ணியதில் ஏழு ஓட்டு வந்தது. சபாநாயகர் அவையை ஒத்திவைத்தார். யாரும் வெளியே போக முடியாததால் எல்லோரும் அங்கேயே நின்றார்கள்.

இரண்டாவது மணி நேரத்தில் பேச்சு கொஞ்சம் மனம் திறந்தது. "உண்மையைச் சொல்லுங்க," என்று பிரதமர் கேட்டார், "இந்த நாட்டை எப்படி நடத்தறதுன்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

"நீங்க நடத்தறீங்கன்னு நினைச்சேன்," என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

"நான் எங்கங்க நடத்தறேன்? அது தானா போகுதுன்னு எழுதித் தர்றாங்க, கையெழுத்துப் போடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் பிரதமரே அவசரநிலையை அறிவித்தார். பாதுகாப்புக் காரணங்களுக்காக அன்று யாரும் தொப்பி அணிந்து வரவில்லை, தளபதியைத் தவிர. பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் தொப்பியைக் கொடுப்பதற்குப் பதிலாக ஆட்சியை விட்டுவிடுகிறேன் என்றார் தளபதி. தொப்பியையும் கொடுத்தால்தான் ஜனநாயகம் முழுதாகத் திரும்பும் என்று மற்ற நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ராணுவ ஆட்சி தொப்பியோடு முடிவுக்கு வந்தது.

அந்தச் சமயம்தான் வார்டுக் கதவு திறந்து தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் கால் மணி நேரம் கீழேயே கெடந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்." மெக்கானிக் எழுந்து நின்றான், உடனே உட்கார்ந்தான். முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். மாமியார் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி தானும் அழுதார்.

உள்ளே விட்டபோது மனைவி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். குழந்தை கையை முறுக்கிக்கொண்டு தூங்கியது. வானொலிச் சத்தம் வார்டு வரை கேட்டது. லிஃப்ட்டுக்குள் யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க இன்னும் அதுக்குள்ளயா இருக்காங்க?" என்றாள்.

"ஆமா. காயில் இங்க இருக்கே."

"போய் இறக்கி விட்டுட்டு வாங்க, பாவம். அவங்களுக்கும் வீட்ல ஆளுங்க தேடுவாங்க." கண்ணை மூடியவள் மறுபடி திறந்தாள். "காயிலை எடுத்துட்டுப் போகாதீங்க."

போனான். காயில் இல்லாமலே பிரேக்கைக் கையால் நெம்பித் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி லிஃப்ட்டை மூன்றாவது மாடிக்கு ஏற்றினான். ஐந்து பெரிய மனிதர்களும் வெளியே வந்தபோது மணி மூன்று பத்து. பிரதமர் கையில் தொப்பி இருந்தது. அவர் அதை மிகவும் நேராகப் பிடித்திருந்தார்.

மூன்றாம் நாள் விசாரணை. மெக்கானிக் முடிவோடு போயிருந்தான். "சார், மறைக்க ஒண்ணும் இல்லை. நான்தான் காயிலைக் கழட்டினேன்."

இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நீங்க லீவுல இருந்தீங்க! லீவுல இருக்கறவர் எப்படிக் கழட்ட முடியும்?" லீவு லெட்டரை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "காரணத்தைப் பாருங்க. மனைவியின் பிரசவம். பிரசவம் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு சார். பொண்ணு."

"அப்புறம் என்ன? பதிவேடு பொய் சொல்லாது." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. "அஞ்சு மணி பத்து நிமிஷம். எவ்வளவு பெரிய சாதனை! வரலாற்றுப் பிரிவு மறுபடி ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க. முன்னோர்களும் உண்மையில அஞ்சு மணி பத்து நிமிஷம்தான் நின்னிருக்காங்க. அன்னைக்குக் கடிகாரம் மெதுவா ஓடியிருக்கு. பாடப்புத்தகம் மாத்தறாங்க. தகடுகள் அடிக்கக் குடுத்தாச்சு." சட்டென்று நின்றார். "ஆனா காயிலைக் காணோமே, அது எங்க?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஓடிட்டு இருக்கு சார்."

"அங்க எப்படிப் போச்சு?"

மெக்கானிக்குக்குக் கோப்பில் படித்த வரி ஞாபகம் வந்தது.

"தானா போச்சு சார்."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு நல்ல செய்திக்காக அவர் பல வருடம் காத்திருந்தவர் போலத் தெரிந்தது. அதில் இருந்த ஆபத்து மெக்கானிக்குக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழாம் நாள் மனைவியையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலாவது மாடியில் லிஃப்ட் வாசலுக்கு வந்தால் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மேலே புத்தம் புதுத் தகடு. 'மக்கள் துயர் கண்டு தேசியச் சுருள் தானாக நடந்து வந்து குடிகொண்ட இடம். பயன்படுத்தக் கூடாது.' மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, படி படியாக நின்று நின்று இறங்கினாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி முன்னால் இறங்கினான். ஒவ்வொரு படியிலும் அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

தரைத்தளத்திலும் அதே கயிறு, பக்கத்தில் விறைப்பாக ஒரு காவலர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் தலையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனாக இருக்க வேண்டும், ஒருவன் நாற்காலி தேடி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்துக் காவலரை முறைத்தபடி நின்றார்.

மெக்கானிக் குழந்தையை மாமியாரிடம் கொடுத்தான். "ஒரு பத்து நிமிஷம் உக்காரு," என்று மனைவியை பெஞ்சில் உட்காரவைத்தான். காவலரிடம் போய், "உங்களுக்கு என்ன ஆர்டர் குடுத்திருக்காங்க, அண்ணே?" என்று கேட்டான்.

காவலர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கடமையாக வாசித்தார். "மின்தூக்கியை யாரும் நிறுத்தக் கூடாது. யாரும் கிளப்பக் கூடாது. அது தானாக இயங்கும்போது யாரும் தலையிடக் கூடாது. காவலர் ஒதுங்கி நின்று வணக்கம் செலுத்தி, பதிவேட்டில் குறிக்க வேண்டும்."

"நல்லது," என்றான் மெக்கானிக். படியில் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மேலே எங்கோ ஒரு முனகல் கேட்டது. லிஃப்ட் தானாகக் கீழே இறங்கி வந்து நின்றது. காவலர் காகிதத்தைப் பார்த்தார், லிஃப்ட்டைப் பார்த்தார், ஒதுங்கி நின்று விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். தலைமை நர்ஸ் கயிற்றை அவிழ்த்து அவர் கழுத்தில் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். லிஃப்ட் தானாக மேலே போனது.

அன்று மாலைக்குள் பதிவேட்டில் 'தானாக இயங்கியது' என்று முப்பத்தேழு முறை பதிவாகியிருந்தது. அடுத்த வாரம் காவலருக்கு வலது தோள் வீங்கிப்போய், வணக்கம் வைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று இயக்ககத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.